சப்வெர்ஷனை விட்டு எங்கே போவது?

கேள்வி: எங்கள் குழுவில் எட்டுப் பேர். கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்க பல வருடங்களாக சப்வெர்ஷன்தான். இப்போது கிட், மெர்க்குரியல் இரண்டில் ஒன்றுக்கு மாறலாம் என்று இருக்கிறோம். மெர்க்குரியல்தான் கற்க எளிது என்கிறார் ஒருவர். பெரிய பெரிய டிசைன் கோப்புகளும் எங்கள் ரெப்போவில் (கோப்புகளும் அவற்றின் வரலாறும் இருக்கும் களஞ்சியம்) இருக்கின்றன. எதை எடுக்கலாம்?

பதில்: கிட்டை எடுங்கள். உங்கள் நண்பர் சொல்வதும் நியாயம்தான். லினக்ஸ் கெர்னல் எழுதுபவர்களுக்கு பிட்கீப்பர் என்ற இதே வகைக் கருவி இலவசமாகக் கிடைப்பது 2005-இல் நின்றுபோனது, அதையொட்டிப் பிறந்தவைதான் கிட்டும் மெர்க்குரியலும். மெர்க்குரியலின் கட்டளைகள் சப்வெர்ஷன் பழகியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும், கிட்டில் புதியவர்களைக் குழப்பும் ஸ்டேஜிங் (எந்த மாற்றங்களைப் பதிவு செய்வது என்று முதலில் எடுத்துவைப்பது) சமாச்சாரமும் அதில் கிடையாது. கருவியை மட்டும் பார்த்தால் நானும் அந்தப் பக்கம்தான் சாய்வேன். ஆனால் ஹோஸ்டிங், கோட் ரிவ்யூ, சிஐ (கோடைத் தானாகச் சோதிக்கும் ஏற்பாடு), நாளை வேலைக்குச் சேரப் போகிறவரின் பழக்கம் எல்லாமே இன்று கிட் பக்கம் இருக்கின்றன. மெர்க்குரியலுக்காகவே தொடங்கப்பட்ட பிட்பக்கெட் என்ற ஹோஸ்டிங் தளம் கூட 2020-இல் அதைக் கைவிட்டது. பைதான் 2017-இலேயே கிட்டுக்குப் போய்விட்டது, பிறகு பயர்பாக்ஸும்.

எனக்குக் கவலை உங்கள் டிசைன் கோப்புகளைப் பற்றித்தான். கிட் ஆனாலும் மெர்க்குரியல் ஆனாலும், ரெப்போவைக் குளோன் செய்து நகலெடுக்கிற ஒவ்வொருவர் கணினிக்கும் வழக்கமாக மொத்த வரலாறும் வரும், அதனால் 200 எம்பி கோப்பை நீங்கள் பத்து முறை மாற்றினால் அந்தப் பத்துப் பதிப்புகளும் எட்டுப் பேரிடமும் போய் உட்காரும், பிறகு கோப்பை நீக்கினாலும் வரலாற்றில் இருப்பது போகாது. படங்களில் இருவர் செய்த மாற்றங்களை மெர்ஜ் செய்து ஒன்றாக்கவும் முடியாது, ஒருவர் திருத்தும்போது மற்றவரைத் தடுக்க லாக் வேண்டும். இதற்கென்றே, பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் கிட் எல்எஃப்எஸ் இருக்கிறது, லாக்கும் அதில் உண்டு, ஆனால் அதை முதல் நாளே போட்டுவிட வேண்டும். பின்னால் சேர்த்து பழைய பதிப்புகளையும் அதற்குள் கொண்டுபோக நினைத்தால் வரலாற்றையே திருத்தி எழுத வேண்டும், கமிட் ஹாஷ் (பதிவு செய்த ஒவ்வொரு மாற்றத்தின் அடையாளக் குறி) எல்லாம் மாறும், எல்லோரும் புதிதாகக் குளோன் செய்ய வேண்டிவரும். என்னைக் கேட்டால் டிசைன் கோப்புகள் சப்வெர்ஷனிலேயே இருக்கட்டும், கோட் மட்டும் கிட்டுக்கு வரட்டும். இரண்டு கருவியா என்று யாராவது முகம் சுளித்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கோடை மாற்றுவதற்கு, சப்வெர்ஷன் வரலாற்றைக் கிட்டுக்குக் கொண்டுவரும் கருவியான கிட் எஸ்விஎன் போதும். அது ஒவ்வொரு கமிட் குறிப்பின் அடியிலும் பழைய ரிவிஷன் எண்ணைச் சேர்த்துவிடும், அசிங்கமாக இருக்கிறதே என்று அதை நிறுத்திவிடாதீர்கள், பழைய பக் (பிழை) குறிப்புகளில் இருக்கிற எண்ணை வைத்துத் தேட அதுதான் எளிய வழி.

அப்புறம், சப்வெர்ஷனில் கமிட் செய்தாலே சர்வருக்குப் போய்விடும், கிட்டில் புஷ் செய்யும்வரை (சர்வருக்கு அனுப்பும்வரை) அது அவரவர் கணினியில்தான். முதல் சில வாரங்கள் மாலையில் கிளம்பும் முன் எல்லோரையும் புஷ் செய்யச் சொல்லுங்கள். பழைய ரெப்போவில் கோட் இருக்கும் பகுதிக்கு எழுதும் அனுமதியை மாறுகிற அன்றே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் யாராவது ஒருவர் பழக்கதோஷத்தில் அங்கேயே கமிட் செய்துகொண்டிருப்பார்.