குந்துமணில ஓட்டை போடலாமா? விதை நகை கேள்வி-பதில்

கே: அக்கா, பொண்ணுக்கு எட்டு வயசு, குந்துமணி பிரேஸ்லெட் கோத்துக் குடுன்னு நிக்கிறா. விஷம்ங்கிறாங்களே, நெசமா?

நெசம்தான்மா. அதுக்குள்ள அப்ரின்னு ஒரு விஷம் இருக்கு. ஓடு கெட்டியா இருக்கறதால முழுசா முழுங்குனா பெரும்பாலும் அப்படியே வெளிய வந்துடும், கடிச்சு நொறுங்குனாலோ ஓடு ஓட்டையானாலோதான் ஆபத்து, ஆனா மாலையா கோக்கணும்னா ஓட்டை போட்டுத்தானே ஆகணும், வம்பே அங்கதான். குடையறப்ப பறக்குற தூளும் நமக்கு ஆகாது. 2011-ல இங்கிலாந்துல, பெருவுல இருந்து வந்த பிரேஸ்லெட்ல இந்த விதை இருக்குன்னு தெரிஞ்சு வித்ததையெல்லாம் திரும்பக் கேட்டு வாங்குனாங்க. "குந்துமணி தங்கம் கூட இல்ல"ன்னு சொல்றோமே, தட்டாருங்க எடைக்கல்லா வச்சிருந்தது இதைத்தான், பிள்ளையார் சதுர்த்திக்கு களிமண் பிள்ளையாருக்கு கண்ணு வைக்கிறதும் இதைத்தான். எனக்கும் ஆசைதான், ஆனா குழந்தை கையில வேணவே வேணாம். தப்பித்தவறி வாயில போட்டுட்டா வாந்தி வரட்டும்னு பாத்துட்டு இருக்காதீங்க, அது பல மணி நேரம் கழிச்சும் வரும், உடனே ஆஸ்பத்திரி.

கே: அப்போ சிவப்புக்கு என்னதான் வழி?

ஆனைக்குந்துமணி, அதான் மஞ்சாடி. கறுப்புப் பொட்டு இருக்காது, முழுச் சிவப்பு, குருவாயூர் கோயில் உருளில பிள்ளைங்க அள்ளி விளையாடுறது இதுதான். வருஷக்கணக்குல கலர் போகாது. இதுவும் பச்சையா திங்கற சாமான் இல்ல. வழவழன்னு நழுவும், விரல்ல பிடிக்காம வைஸ்ல (சாமானை இறுக்கிப் பிடிக்கிற இடுக்கி) இறுக்கி சின்ன ட்ரில் பிட்ல மெதுவா குடைங்க, அவசரப்பட்டா ரெண்டா பொளந்துடும் (எத்தனை பொளந்தேன்னு கேக்காதீங்க).

கே: ட்ரில் மெஷினே இல்ல. ஓட்டையோட கிடைக்கிற விதை இருக்கா?

இருக்கே, நெற்பவளம். ஒரு புல்லுச்செடில காய்க்கும், சாம்பல் கலர்ல கண்ணீர்த்துளி மாதிரி. நடுவுல இருக்குற காம்பை ஊசியால தள்ளிவிட்டா ஓட்டை தயார். நாகாலாந்துப் பக்கம் நகைல இதை நிறைய பாக்கலாம். உங்க பொண்ணுக்கும் இதையே கோத்துக் குடுங்கன்னு முதல் கேள்வி கேட்ட அம்மாவுக்கும் சொல்லிடறேன்.

கே: ருத்ராட்சம் தண்ணில மிதந்தா போலியா?

அந்த டெஸ்ட்டை நம்பாதீங்க, நல்லா காஞ்சது அசலா இருந்தாலும் மிதக்கும். லென்ஸ் வச்சு கோட்டைப் பாருங்க, இயற்கைக் கோடு மேல இருந்து கீழ வரைக்கும் ஓடும், செதுக்குனதுல கத்தித் தடம் தெரியும். கோடு எத்தனையோ அத்தனை முகம்னு கணக்கு. அஞ்சு முகம் சல்லிசா கிடைக்கிறதால அதுல ஏமாத்து கம்மி, ஒரு முகம்னு ஆயிரக்கணக்குல கேட்டா உஷாரு.

கே: மாலைல பொடி பொடியா கொட்டுது.

வண்டு. கவர்ல கட்டி ஒரு வாரம் ஃப்ரீசர்ல போடுங்க, எடுத்ததும் கவரைப் பிரிக்காம ரூம் சூட்டுக்கு வரவிட்டு அப்புறம் காய வைங்க. ஏற்கனவே ஓட்டை விழுந்த மணியைத் தூக்கிப் போட்டுடுங்க, இனி அது தாங்காது.

கே: ஆஸ்திரேலியால இருக்குற தங்கச்சிக்கு விதை கம்மல் அனுப்பலாமா?

கம்மலை கொட்டாங்குச்சில செஞ்சு அனுப்புங்க. விதைன்னாலே அங்க ரொம்ப கெடுபிடி, குந்துமணி இருந்தா தங்கச்சி காதுக்குப் போய்ச் சேராது. கொட்டாங்குச்சியையும் நார் ஒட்டாம நல்லா தேச்சு, பார்சல்ல என்ன இருக்குன்னு மறைக்காம எழுதிடுங்க.