ஒரே மாமரத்தில் நாலு ரகம் ஒட்டலாமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 12 வயதுப் பெங்களூரா மாமரம் நிற்கிறது. அதன் கிளைகளில் மல்கோவா, இமாம்பசந்த், செந்தூரா ஒட்ட முடியுமா? ஒரு கிளையில் சப்போட்டாவும் வைக்க ஆசை.
– விவசாயி, அயோத்தியாப்பட்டணம், சேலம்

பதில்: சப்போட்டா ஆசையை விட்டுவிடுங்கள். அது வேறு குடும்பம். பாலைக் கன்றில்தான் ஒட்டுவார்கள். மற்ற மூன்றும் தாராளமாகப் பிடிக்கும். உத்தரப் பிரதேசத்து மலிஹாபாத்தில் கலீமுல்லா கான் ஒரே மாமரத்தில் 300 ரகத்துக்கு மேல் ஒட்டியவர். 2008-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். உங்களுக்கு மூன்று போதும்.

ஒட்டுக் கட்டுவதைவிட, கிளையைப் பங்கு பிரிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெங்களூரா அநேகமாக வருஷம் தவறாமல் காய்க்கும். மல்கோவாவும் இமாம்பசந்தும் காய்ப்பில் கொஞ்சம் கஞ்சம். அந்த இரண்டுக்கும் நல்ல வெயில் படும் கிளையைக் கொடுங்கள். நிழல் பக்கம் பெங்களூராவே இருக்கட்டும்.

மாசியில் மூன்று கிளைகளை மட்டும் வெட்டுங்கள். பிஞ்சோடு வெட்ட மனசு வராதுதான், ஆனாலும் வெட்டத்தான் வேண்டும். மரத்தையே மொட்டையடித்தால் பங்குனி, சித்திரை வெயிலில் பட்டை வெந்துவிடும். வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவுங்கள். வரும் துளிரில் திடமான மூன்று நாலை விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். ஆடி, ஆவணியில் அவை பென்சில் கனம் வந்திருக்கும்.

ஒட்டப்போகும் ரகத்தின் குச்சிதான் ஒட்டுக்குச்சி. அதை அந்த ரகத்துத் தாய்மரத்திலேயே தயார் செய்ய வேண்டும். 10 நாளுக்கு முன்னால் காம்பை விட்டு இலையை மட்டும் நறுக்கிவிடுங்கள். நுனி மொட்டு பருத்து, காம்பு தொட்டதும் உதிர்ந்தால் குச்சி பக்குவம். துளிரின் நுனியை வெட்டி, நடுவில் ஒன்றரை அங்குலம் பிளந்து, ஆப்பு மாதிரி சீவிய குச்சியைச் சொருகுங்கள். கனம் சமமில்லை என்றால் ஒரு பக்கப் பட்டையாவது பட்டையோடு சேர வேண்டும். பாலிதீன் நாடாவால் இறுகச் சுற்றி, மேலே குச்சி ஐஸ் உறையைக் கவிழ்த்துக் கட்டுங்கள். மூன்று வாரத்தில் மொட்டு விரியும். அப்போது உறையை எடுக்கலாம்.

ஒட்டுக்குக் கீழே கிளம்பும் பெங்களூராத் துளிரை வாரம் ஒருமுறை கிள்ளாவிட்டால், அது ஒட்டை மூடிவிடும். ரகப் பெயரைக் காகிதத்தில் எழுதிக் கட்டாதீர்கள். நான் கட்டியது முதல் மழையிலேயே கரைந்தது. எது இமாம்பசந்த் என்று தெரிய, காய்க்கும்வரை காத்திருந்தேன்.

மருந்து அடிப்பதிலும் கவனம். செந்தூரா பறிக்கும்போது பெங்களூரா காயாகவே இருக்கும். அதற்கு அடிக்கும் மருந்து செந்தூராப் பழத்திலும் படும். அந்தச் சமயம் தெளிப்பை நிறுத்திவிட்டு, பழ ஈக்கு மீத்தைல் யூஜினால் பொறியை (ஆண் ஈயை வாசனையால் இழுத்துப் பிடிப்பது) தொங்கவிடுங்கள்.