ஸ்லோவில் மட்டும் கேட்கும் கடகட சத்தம்

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களிடம் பதினைந்து வயதான டீசல் வேன் இருக்கிறது. பழைய மெக்கானிக்கல் டீசல் பம்ப் வண்டி. கோயில், கல்யாண சவாரிக்கு ஓடுகிறது. சில மாதங்களாக என்ஜினில் கடகடவென்று ஒரு சத்தம். ஸ்லோவில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடி நிற்கும்போது, நன்றாகக் கேட்கிறது, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் மறைந்துவிடுகிறது. டேப்பட் (வால்வு இடைவெளி) அட்ஜஸ்ட் செய்தாயிற்று, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாலு நாசிலும் சர்வீஸ் ஆகிவிட்டது, பலன் இல்லை. ஒரு மெக்கானிக் பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடு கிராங்க் ஷாஃப்டோடு சேரும் இடத்துப் பேரிங்) போய்விட்டது, என்ஜினை இறக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் டீசல் வண்டி என்றால் அப்படித்தான், ஓட்டுங்கள் என்கிறார். ஆயில் லைட் எரியவில்லை, புகை இல்லை, இழுவையும் குறையவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரத்துக்கு பிரேக் மட்டும் இறுக்கமாக இருக்கிறது. டைனமோவின் பின்பக்கம் ஆயில் கசிகிறது. என்ஜினை இறக்கலாமா?
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: இப்போது இறக்க வேண்டாம். அதற்காக இப்படியே ஓட்டவும் வேண்டாம். நீங்கள் கடைசியில் எழுதியிருக்கும் பிரேக் இறுக்கத்தையும் டைனமோ கசிவையும் சேர்த்துப் பார்த்தால், சந்தேகம் முதலில் வாக்குவம் (வெற்றிட) பம்ப் மேல்தான் போகிறது.

பெட்ரோல் வண்டியில், பிரேக் மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்தே கிடைத்துவிடும். பழைய டீசல் என்ஜினில் காற்றை அடைக்கும் திராட்டில் கிடையாது. அதனால் வெற்றிடத்துக்கென்று தனியாக ஒரு பம்ப் வைத்திருப்பார்கள். நம் ஊரில் ஓடும் பல வேன், ஜீப் வகைகளில் அது டைனமோவின் பின்னாலேயே, அதே ஷாஃப்டில் சுற்றும். உள்ளே ரோட்டரின் பள்ளங்களில் மெல்லிய பிளேடுகள் நிற்கும். சுழலும் வேகத்தில் அவை வெளியே தள்ளப்பட்டு சுவரோடு ஒட்டிக்கொண்டு ஓடும். பிளேடு தேய்ந்தாலோ, ஆயில் சரியாக வராவிட்டாலோ, ஸ்லோவில் சுவரோடு ஒட்டாமல் தடதடக்கும். வேகம் கூடினால் ஒட்டிக்கொள்ளும், சத்தமும் நின்றுவிடும். உங்கள் வண்டியில் நடப்பது அப்படியே இதுதான். பம்புக்கும் டைனமோவுக்கும் நடுவே இருக்கும் ஆயில் சீல் போனால் பின்பக்கம் ஈரமாகும். அந்த ஆயில் டைனமோவுக்குள் இறங்கினால் அடுத்து பேட்டரி சார்ஜும் போகும்.

உறுதி செய்யப் பெரிய செலவில்லை. என்ஜின் ஆறியிருக்கும்போது வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஸ்டார்ட் செய்து சத்தத்தை ஒருமுறை நன்றாகக் கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள். டைனமோ பெல்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலும் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடும், எனவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட விடக்கூடாது. பெல்ட் இல்லாதபோது பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்காது, வண்டியை ஓர் அடி கூட நகர்த்தாதீர்கள். சத்தம் நின்றுவிட்டால் கோளாறு என்ஜினுக்குள் இல்லை. டைனமோ, வாக்குவம் பம்ப், வாட்டர் பம்ப், டென்ஷனர் புல்லி இந்த நான்கில் ஒன்றுதான். ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள், பக்கவாட்டில் ஆட்டியும் பாருங்கள். சொரசொரப்பு, ஆட்டம் எதுவும் இல்லாவிட்டால் மிஞ்சுவது வாக்குவம் பம்ப்.

பெல்ட்டை மாட்டியபின் இன்னொரு சோதனை. என்ஜின் ஸ்லோவில் ஓடும்போது பம்பிலிருந்து பூஸ்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸை பம்ப் பக்கம் கழற்றுங்கள். சுமை போனதும் சத்தத்தின் குணம் பளிச்சென்று மாறினால் குற்றவாளி அதுவே. வாக்குவம் கேஜ் இருந்தால் அதே இடத்தில் மாட்டிப் பாருங்கள். நல்ல பம்ப் ஸ்லோவிலேயே 25 இன்ச் பாதரச அளவை ஒட்டிக் காட்டும். 20-க்குக் கீழே நின்றால் அந்த பம்பை நம்பக்கூடாது. கேஜ் இல்லையா? என்ஜினை நிறுத்திவிட்டு பிரேக்கை ஐந்தாறு முறை மிதித்து வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். பெடலை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்தால் பெடல் காலுக்கடியில் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்காவிட்டாலோ, வெகுநேரம் கழித்து இறங்கினாலோ வெற்றிடம் போதவில்லை.

பம்பை மாற்றுவதற்கு முன் ஆயில் வரும் வழியைப் பார்க்காமல் விடாதீர்கள். புது பம்ப் போட்டும் சில மாதத்தில் அதே சத்தம் திரும்பி வருகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இங்கேதான். என்ஜினிலிருந்து வரும் மெல்லிய ஆயில் பைப்பை பம்ப் பக்கம் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, சில விநாடி என்ஜினை ஓட்டினால் ஆயில் நிற்காமல் வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் பைப் முனையிலுள்ள துளை போல்ட்டில் கசடு அடைத்திருக்கும். அதை டீசலில் ஊறவைத்து காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். என்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் சம்புக்குத் திரும்பும் தடித்த ஹோஸ் மடங்கியிருந்தால் நேர்மாறான தொல்லை வரும்: ஆயில் பம்புக்குள்ளேயே தேங்கி, காலை ஸ்டார்ட்டில் கடகடக்கும். உட்சுவரில் கோடு விழாமல் இருந்தால் பிளேடு, சீல், ஓ-ரிங் அடங்கிய கிட் மட்டும் போதும். விரல் நகம் தட்டும் அளவுக்குக் கோடு இருந்தால் முழு பம்பாக மாற்றுங்கள். மாட்டும்போது உள்ளே கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு, கையால் சுற்றிவிட்டு மாட்டவும்.

பெல்ட் இல்லாமலும் சத்தம் அப்படியே இருந்தால்? அப்போதும் என்ஜினை இறக்க அவசரம் இல்லை. கிளட்சை மிதித்துப் பாருங்கள். மிதித்ததும் சத்தம் நின்றால் கிளட்ச் பிளேட்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது கியர்பாக்ஸின் முன் பேரிங். மிதிக்கும்போதுதான் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். கடலூர் காற்றில் உப்பு அதிகம், சைலன்சர் பைப்பின் வெப்பத் தகடும் கிளாம்பும் துருப்பிடித்துத் தளர்ந்து என்ஜின் சத்தம் போலவே ஏமாற்றும். என்ஜின் குளிர்ந்தபின் ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் தெரிந்துவிடும்.

அதற்கும் பிறகுதான் சிலிண்டர் சோதனை. ஸ்லோவில் ஓடும்போது நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்தி, டீசல் கசிய விட்டு, மறுபடி இறுக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், நட்டைச் சுற்றித் துணி வையுங்கள், கசிவுக்கு நேரே கையைக் காட்டாதீர்கள். ஏதாவது ஒரு சிலிண்டரைத் தளர்த்தியதும் சத்தம் அமுங்கினால் கோளாறு அந்த சிலிண்டரில். அந்த நாசிலைப் பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் போடுங்கள், வாஷர்கள் புதிதாக இருக்கட்டும். சத்தம் நாசிலோடு சேர்ந்து இடம் மாறினால் நாசில்தான். சர்வீஸ் செய்தது என்பதற்காக அதை விட்டுவிடக்கூடாது. இடம் மாறாமல் அதே சிலிண்டரில் நின்றால் பிஸ்டன் பின் அல்லது பிக் எண்ட்.

பிக் எண்ட் சத்தம் கடகடவென்று மெலிதாக இருக்காது. டொக் டொக்கென்று கனமாக, அடியிலிருந்து வரும். சூடேறினால் கூடும், மிதித்த ஆக்சிலேட்டரை விடும்போது தனியாகக் கேட்கும். சூடான ஸ்லோவில் ஆயில் லைட் மினுக்கும். ஆயிலை வெள்ளைத் துணி வழியே வடித்து, பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். வெள்ளி நிறத்திலோ செம்பு நிறத்திலோ துகள் மின்னினால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள், பட்டறைக்குக் கட்டி இழுத்துப் போக வேண்டியதுதான். தேய்ந்த பேரிங்கோடு கொஞ்ச தூரம் ஓட்டினாலும் கிராங்க் கெட்டுவிடும். அதன்பின் பேரிங் செலவோடு கிராங்க் கிரைண்டிங் செலவும் சேரும்.

உங்கள் மெக்கானிக் இந்தத் துகளைக் காட்டினால் அவர் சொல்வதைக் கேளுங்கள். காட்டாதவரை என்ஜினைத் திறக்கச் சம்மதிக்காதீர்கள். பிரேக் சரியாகும்வரை சவாரி எடுக்காமல் இருப்பதே நல்லது. பின்னால் உட்கார்ந்திருப்பது பன்னிரண்டு பேர்.

கேள்வி: 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் வேன் தண்ணீரில் நின்றது. தெரியாமல் ஸ்டார்ட் செய்ததில் என்ஜின் டக்கென்று இறுகி நின்றது. பிறகு நாசிலைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி ஓட வைத்தார்கள். அன்றிலிருந்து ஒரு தட்டும் சத்தம் போகவே இல்லை.
— வாசகர், ரெயின்போ நகர், புதுச்சேரி

பதில்: பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் அந்த விசை முழுவதும் ராடின் மேல் விழும். வளைந்த ராடு சற்றுக் குட்டையாகிவிடும். பிஸ்டன் மேலே முழுதாக எட்டாது, அந்த சிலிண்டரில் மட்டும் கம்ப்ரெஷன் (காற்று அழுத்தப்படும் அளவு) குறையும். டீசலுக்கான கம்ப்ரெஷன் கேஜால் நான்கையும் அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் ஹெட்டைத் திறந்து, பிஸ்டன்களின் உச்ச உயரத்தை டயல் கேஜால் அளக்க வேண்டும். உயரம் குறைந்த பிஸ்டனுக்குக் கீழே உள்ளதுதான் வளைந்த ராடு. லேத்தில் நிமிர்த்தித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வளைந்த ராடு ஓடும்போது ஒடிந்தால் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். புது ராடு போடுங்கள், எடையும் மற்ற மூன்றோடு பொருந்த வேண்டும்.

இதோடு கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் ஆயிலையும் பாருங்கள். மேலே உள்ள மூச்சுத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கும். வடித்த ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் இரண்டு முறை மாற்றியாக வேண்டும்.

கேள்வி: என் வேன் காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உயர் அழுத்த டீசலைப் பீய்ச்சும்) என்ஜின். பைப் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் என்று பார்க்கலாமா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: கூடவே கூடாது. அந்தப் பைப்பில் அழுத்தம் ஆயிரம் பாரை (காற்று மண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கை) தாண்டக்கூடும். ஊசி முனை அளவு கசிவே தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். அப்படிப் பட்டால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் வண்டிக்கு ஸ்கேனர் போட்டு, ஸ்லோவில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் (நாசிலுக்கும்) கம்ப்யூட்டர் எவ்வளவு திருத்தம் கொடுக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மற்றவற்றிலிருந்து விலகி நிற்கும் எண்தான் தடயம். அடுத்தது ரிட்டர்ன் (பீய்ச்சப்படாமல் திரும்பும் டீசல்) சோதனை: நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்களையும் ஒரே அளவுள்ள நான்கு பாட்டில்களில் விட்டு ஓட்டினால், எது அதிகம் நிரம்புகிறதோ அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது.

கேள்வி: விலை குறைவு என்று புதுச்சேரியில் டீசல் போடுகிறோம். என்ஜின் தட்டுவதற்கு அந்த டீசல் காரணமா?
— வாசகர், ரெட்டிச்சாவடி

பதில்: இல்லை. விலை வித்தியாசம் வரியால் வருவது. டீசலின் தரம் நாடு முழுவதும் ஒன்றுதான், சீட்டேன் எண் (டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதைக் காட்டும் எண்) குறைந்தது 51 இருக்க வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் எந்த ஊர் பங்கிலும் டேங்கில் தண்ணீர் கலக்க இடமுண்டு. டீசல் ஃபில்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகை வண்டி இரவெல்லாம் நின்றபின், செல்ஃப் அடிப்பதற்கு முன்னால் திறந்து, ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றால், சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிட்டு, கைப் பம்ப் அடித்து டீசல் பைப்பில் புகுந்த ஏரை எடுத்தபின் ஸ்டார்ட் செய்யுங்கள்.