பரிசல் ஓட்டிய கைக்கும் கார்டு வேண்டுமா?

கேள்வி: பவானிக்குப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறேன், வயது 64. என் மகன் கலிஃபோர்னியாவில் சாக்ரமெண்டோ அருகே வேலையில் இருக்கிறான். போன வருசம் 18 அடி நீளத்தில், 90 குதிரைத்திறன் மோட்டார் பூட்டிய போட் ஒன்றை வாங்கினான். மே மாதம் நானும் வீட்டுக்காரியும் போய் ஐந்து மாதம் தங்கப் போகிறோம். "அப்பாரு, வாங்க, நாம ரெண்டு பேரும் ஓட்டலாம்" என்று 13 வயதுப் பேரன் இப்போதே கூப்பிடுகிறான். அங்கே போட் ஓட்ட ஏதோ கார்டு வேணும் என்கிறார்கள். மகன் இன்னும் எடுக்கவில்லை. சின்ன வயதில் பூலாம்பட்டித் துறையில் பரிசல் ஓட்டியவன் நான். கார் லைசென்சும் இருக்கிறது. எனக்கும் கார்டு வேணுங்களா? பேரன் ஓட்டலாமுங்களா? அந்தக் கார்டை வைத்து நம்ம ஊர் அணையில் ஓட்ட விடுவார்களா?

பதில்: முதலில் மகனுக்கு போன் போடுங்கள். உங்கள் முதல் இரண்டு கேள்விக்கும் பதில் அவர் பர்ஸில் இருக்க வேண்டிய அந்தக் கார்டில்தான் தொங்குகிறது.

கலிஃபோர்னியா 2014இல் இதற்கான சட்டத்தை இயற்றியது. 2018 ஜனவரி 1 முதல், 20 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் மோட்டார் படகு ஓட்டக் கார்டு வைத்திருக்க வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். பிறகு வயது வரம்பைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போய், 2025 ஜனவரி 1 முதல் வயது வித்தியாசமே இல்லாமல் எல்லோருக்கும் ஆக்கிவிட்டார்கள். ஆக, உங்கள் மகன் இன்று கார்டு இல்லாமல் அந்தப் போட்டை ஓட்டினால் அது சட்டமீறல். சொந்தப் போட், பதிவு எண் இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது என்பதெல்லாம் இதற்கு ஈடாகாது.

இந்த விஷயத்தில் சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் 1993 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள், 15 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட மோட்டார் என்றால், படிப்புச் சான்று வைத்திருக்க வேண்டும். ஃபுளோரிடாவில் 1988 ஜனவரி 1 என்பது கணக்கு, 10 குதிரைத்திறனிலிருந்தே. டெக்சாஸின் டல்லாஸ் நகரில் இருக்கும் பங்காளி மகன் யாராவது "அதெல்லாம் பெரியவங்களுக்கு வேண்டாங்க பெரியப்பா" என்று சொன்னால் அவர் ஊருக்கு அது சரி. கலிஃபோர்னியாவில் 64 வயதுக்குச் சலுகை இல்லை.

ஆனால் வேறு சில விலக்குகள் உண்டு. உங்களுக்குப் பொருந்துவது இது: கார்டு வைத்திருக்கும், 18 வயது நிரம்பிய ஒருவர் கூடவே இருந்து நேரடியாக மேற்பார்வை செய்தால், கார்டு இல்லாதவரும் ஓட்டலாம். மகன் கார்டு எடுத்துவிட்டு உங்கள் பக்கத்தில் நின்றால் நீங்கள் தாராளமாக ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். அவர் கரையில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தால் அது மேற்பார்வை ஆகாது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் 90 நாளுக்கு மிகாமல் அங்கே ஓட்டுவதற்கும் ஒரு விலக்கு இருக்கிறது. நீங்கள் ஐந்து மாதம் தங்குவதால் அதை நம்பி இறங்க வேண்டாம். வாடகைப் போட் ஓட்டுபவருக்கும் கார்டு தேவையில்லை என்று சட்டம் சொல்கிறது. எனக்கு இது புரிந்ததே இல்லை. சொந்தமாகப் போட் வைத்திருப்பவன் வாராவாரம் ஓட்டிப் பழகியிருப்பான். வாடகைக்கு எடுப்பவன்தான் பெரும்பாலும் முதல் தடவையாக ஏறுகிறவன்.

பேரன் விஷயம். கலிஃபோர்னியாவில் 15 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட மோட்டார் படகை 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தனியாக ஓட்டக் கூடாது. 12 முதல் 15 வயது வரை உள்ளவர்கள், 18 நிரம்பிய பெரியவர் ஒருவர் படகிலேயே உட்கார்ந்து கவனித்தால் ஓட்டலாம். அந்தப் பெரியவர் கார்டு வைத்திருக்கும் உங்கள் மகனாக இருந்தால் இரண்டு நிபந்தனையும் ஒருங்கே தீர்ந்தது. கார்டு இல்லாத அப்பாருவும் பேரனும் மட்டும் கிளம்புவது என்ற அந்த ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள்.

அல்லது நீங்களே கார்டு எடுத்துவிடுங்கள். அதைத்தான் நான் சொல்வேன். மாநிலம் ஒப்புக்கொண்ட பாதுகாப்புப் படிப்பு ஒன்றை முடித்து, தேர்வு எழுதி, அந்தச் சான்றுடன் கலிஃபோர்னியா மாநிலப் பூங்காத் துறையின் படகுப் பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கார்டுக்குக் கட்டணம் 10 டாலர். ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் செல்லும், புதுப்பிக்கிற வேலை இல்லை. படிப்பை ஆன்லைனில் முடிக்கலாம்; இலவசமாகவே சிலது இருக்கிறது. ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள். இரண்டு பேருக்கும் பாடம் ஆகும்.

கார் லைசென்ஸ் இருக்கிறதே என்று கேட்டீர்கள். உண்மையில் அதுதான் என் பயமே. நான் கப்பல் எஞ்சின் அறையில் பல வருடம் வேலை பார்த்தவன். ஆனாலும் முதல்முறை சின்னப் போட் ஒன்றின் ஸ்டியரிங்கைப் பிடித்தபோது எதிரே ஒருவர் நேராக வந்தார், என் கை தானாக இடப்பக்கம் ஒடித்தது. சேலம் - கோவை ரோட்டில் ஓட்டிய கை வேறு என்ன செய்யும்? அவர் முறைப்படி தன் வலப்பக்கம் ஒடித்தார். இரண்டு பேரும் ஒரே கரையை நோக்கித் திரும்பிவிட்டோம். அவர் சுதாரித்ததால் பிழைத்தேன். தண்ணீரில் உலகம் முழுக்க ஒரே விதி: எதிரெதிரே வந்தால் இருவரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். குறுக்கே வருகிற மோட்டார் படகு உங்கள் வலப்பக்கத்திலிருந்து வந்தால் வழிவிட வேண்டியவர் நீங்கள். அமெரிக்கர்களுக்கு ரோட்டுப் பழக்கமே அப்படித்தான் என்பதால் இது சுலபம். நம்மவர்கள் மனதை மாற்றிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

அடுத்தது, போட்டுக்கு பிரேக் கிடையாது. பயந்துபோய் வேகத்தை ஒரேயடியாகக் குறைத்தால் ஸ்டியரிங்கும் பெரும்பாலும் செத்துவிடும், ஏனென்றால் பின்னால் சுழலும் விசிறி தள்ளுகிற தண்ணீர்தான் படகைத் திருப்புகிறது. காரில் முன்பக்கம் திரும்ப, பின்பக்கம் பின்தொடரும். போட்டில் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் பின்பக்கம் வெளியே வீசும். துறையில் கட்டும்போது பக்கத்துப் படகில் இடிப்பது பெரும்பாலும் இதனால்தான். டிரெய்லர் கோத்த டிராக்டரை ரிவர்ஸ் எடுத்துப் பழகியவர் என்றால் உங்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. துடுப்பை நிறுத்தினால் சுற்றிக்கொண்டு நிற்கும். அந்த அனுபவம் இங்கே கை கொடுக்காது. சுழி எங்கே, பாறை எங்கே என்று தண்ணீரின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் கண் மட்டும் நிச்சயம் உதவும்.

அந்தக் கண்ணுக்கும் ஒரு புதுக் காட்சி காத்திருக்கிறது. சாக்ரமெண்டோ ஆறும் சான் வாக்கின் ஆறும் சேரும் டெல்டாவுக்குத்தான் உங்கள் மகன் போட்டை இறக்குவார் என்று நினைக்கிறேன். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஓதம், அதாவது கடல் நீரின் ஏற்ற இறக்கம், அங்கே உள்ளே வரை ஏறி வரும். பல வாய்க்கால்களில் நாளுக்கு இரண்டு தரம் ஓட்டம் எதிர்த்திசைக்குத் திரும்பும். காவிரி வடக்கே திரும்பி மேட்டூரைப் பார்த்து ஓடினால் எப்படி இருக்கும்! காலையில் இரண்டு முழம் ஆழத்தில் சுலபமாகக் கடந்த திட்டில் மத்தியானம் தரைதட்டி நிற்பவர்கள் உண்டு. கிளம்பும் முன் ஓத அட்டவணையைப் பாருங்கள். படகு வழியைக் காட்டும் மிதவைகளின் நிறத்தையும் படித்துக்கொள்ளுங்கள். கடலிலிருந்து உள்ளே வரும்போது அமெரிக்காவில் சிவப்பு மிதவை வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். இந்தியாவில் அப்படியே தலைகீழ், சிவப்பு இடக்கைப் பக்கம். நம் துறைமுகங்களில் பழகிய ஆட்களே அங்கே தடுமாறுகிற இடம் அது.

நீச்சல் தெரியும் என்பதால் லைஃப் ஜாக்கெட்டைச் சீட்டுக்கடியில் போட்டுவிடுவீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் குதித்துப் பழகிய தலைமுறை நாம். அந்தத் தைரியம் எனக்கும் உண்டு. ஆனால் மே, ஜூனில் அங்கே ஆற்றில் வருவது சியரா நெவாடா மலையில் பனி உருகிய தண்ணீர். வெயில் சுட்டெரிக்கும், தண்ணீர் சில்லென்று இருக்கும். திடீரென்று விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும், அப்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது கதை. பிறகு பத்து நிமிடத்துக்குள் கைகால் விறைத்து நீந்த வராது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கணக்குப்படி 2023இல் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தார்கள். காரணம் தெரிந்த இறப்புகளில் நான்கில் மூன்று பங்கு நீரில் மூழ்கியவை. அப்படி மூழ்கியவர்களில் 87 சதவீதம் பேர் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. 13 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் ஓடும் படகில் கட்டாயம் போட வேண்டும் என்பது சட்டம். உங்கள் பேரன் சட்டத்திலிருந்து ஒரு வயதில் தப்பிவிட்டான். நீங்களே முதலில் மாட்டிக்கொண்டு உட்காருங்கள், அவன் பேசாமல் மாட்டிக்கொள்வான்.

ஸ்டியரிங் பக்கத்தில் சிவப்புச் சுருள் கயிறு ஒன்று தொங்கும். ஓட்டுபவர் உடம்பில் அதை மாட்டிக்கொண்டால், அவர் தூக்கி எறியப்பட்டதும் எஞ்சின் நின்றுவிடும். மாட்டாவிட்டால், ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி விழுந்தவர் மேலேயே விசிறியோடு வரும். 26 அடிக்குக் குறைவான படகுகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் இதை மாட்டி ஓட்டுவது அங்கே கட்டாயம். குளிப்பவர்களிடமிருந்து 100 அடிக்குள்ளும், குளிக்கிற கரையிலிருந்தும் படகுத் துறையிலிருந்தும் 200 அடிக்குள்ளும் மணிக்கு 5 மைல்தான் வேகம். பீர் குடித்துவிட்டு ஓட்டுவது காரைப் போலவே குற்றம், ரத்தத்தில் 0.08 சதவீத ஆல்கஹால்தான் அளவு.

டெல்டாவில் ஓட்டிவிட்டு அடுத்த வாரம் அதே போட்டை வேறு ஏரிக்கு இழுத்துப் போகலாம் என்று மகன் சொன்னால், முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள். 2024 அக்டோபரில் அந்த டெல்டாவில் உள்ள ஸ்டாக்டன் துறைமுகத்தில், படகில் ஒட்டிப் பரவும் தங்கநிறச் சிப்பி என்ற அந்நிய இனத்தைக் கண்டுபிடித்ததிலிருந்து, பல ஏரிகளில் வெளிப் படகைச் சோதித்துத்தான் விடுகிறார்கள். சில இடங்களில் காத்திருப்புக் காலமும் உண்டு. நம் கோவைக் குளங்களை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையும் அந்த டெல்டாவில் இருக்கிறது. விசிறியில் சுற்றிக்கொண்டால் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும்.

கடைசிக் கேள்வி. அந்தக் கார்டு இங்கே செல்லாது. இந்தியாவில் 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021 வந்திருக்கிறது. இயந்திரம் பொருத்திய படகுக்குப் பதிவும் தகுதிச் சோதனையும், ஓட்டுபவருக்குத் திறன் சான்றும் அதில் வருகின்றன. அது போக, பவானிசாகரிலோ ஒரு கதவணைத் தேக்கத்திலோ போட்டை இறக்க நீர்வளத்துறையின் அனுமதி வேண்டும். அங்கே ஓட்டிய ருசியில் இங்கே ஒரு மோட்டாரை வாங்கிவிட்டு, அதற்குப் பிறகு ஆபீஸ் ஆபீஸாக அலையாதீர்கள். அனுமதிக்கான பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு விலை பேசுங்கள்.