பாடம் எடுப்பவரே தொல்லை கொடுக்கிறார். கல்லூரியில் யாரிடம் புகார் தருவது?

காட்பாடிப் பக்கம் முதலாண்டு படிக்கும் தங்கைக்குப் பாடம் எடுப்பவரே ராத்திரியில் வாட்ஸ்அப்பில் ஆபாசமாக மெசேஜ் போடுகிறார், துறைத் தலைவரான எச்.ஓ.டி.யிடம் சொன்னால் போதுமா, இன்டர்னல் மார்க்கில் கை வைப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் வயதைப் பாருங்கள். முதலாண்டில் பாதிப் பிள்ளைகளுக்குப் 17தான் இருக்கும். 18 முடியவில்லை என்றால் இது போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தில் வரும்; விஷயம் தெரிந்த கல்லூரி போலீசுக்குச் சொல்லாமல் மறைப்பதே குற்றம்.

18 முடிந்திருந்தால் உள்ளகப் புகார்க் குழு, அதாவது பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கக் கல்லூரியிலேயே இருக்க வேண்டிய குழு. எச்.ஓ.டி.யிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. "நான் கூப்பிட்டுப் பேசுறேம்மா" என்பார், அதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம்.

வாட்ஸ்அப் சாட்டை அழிக்காதீர்கள். 'மறையும் மெசேஜ்' ஆன் ஆகியிருந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் 'மேத்ஸ் சார்' என்று சேமித்த பெயர் மட்டும் தெரிந்தால், அது யார் நம்பர் என்று கேட்பார்கள். புரொஃபைலைத் திறந்து நம்பர், தேதி, நேரம் தெரிகிற மாதிரி எடுங்கள், வெட்டாதீர்கள். புகாரில் 'தவறாக நடந்தார்' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், என்ன வார்த்தை என்று அப்படியே எழுத வேண்டும், கூச்சமாகத்தான் இருக்கும். சாட்சிகளின் பெயரும் முகவரியும் சேர்த்து ஆறு பிரதி. இன்னொரு பிரதியில் தேதி போட்டுக் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மார்க் பயத்துக்கும் வழி இருக்கிறது. விசாரணை முடியும்வரை அவர் தங்கச்சியின் பேப்பரைத் திருத்தக்கூடாது, மதிப்பெண் போடக்கூடாது என்று தடுக்க யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015 விதிமுறை இடம் தருகிறது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். இடைக்கால நிவாரணம் என்று புகாரின் கடைசிப் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

குழுவில் யார் யார் என்று கேட்டு வாங்குங்கள். தலைவர் மூத்த பெண் பேராசிரியராக இருக்க வேண்டும், வெளி உறுப்பினர் ஒருவர் வேண்டும், மாணவர் சம்பந்தப்பட்ட விவகாரம் என்றால் மூன்று மாணவ உறுப்பினர்கள். டீன், எச்.ஓ.டி. எல்லாம் உறுப்பினராகவே இருக்க முடியாது. பல இடங்களில் எச்.ஓ.டி.யையே உட்கார வைத்திருப்பார்கள். ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும், அடுத்த 10 நாளில் அறிக்கை. சமரசம் தங்கை விரும்பினால் மட்டும். போலீசுக்கும் கூடவே போகலாம், ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

"பொய்ப் புகார் தந்து நல்ல வாத்தியார் வாழ்க்கையைக் கெடுக்கிறீர்களா" என்று கீழே கமெண்ட்டில் யாராவது வருவார்கள். எல்லா வாத்தியாரையும் நான் சொல்லவில்லை. புகாருக்கு ஆளானவருக்கும் பதில் தர 10 நாள் இருக்கிறது, சாட்சி கொண்டுவரலாம். நிரூபிக்க முடியாமல் போவது வேறு, பொய் என்று தெரிந்தே தருவது வேறு. முதலாவதுக்குத் தண்டனை கிடையாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எரிச்சல் தாங்கவில்லை. ஒரு புகார் வந்தால் போதும், லேடீஸ் ஹாஸ்டல் கேட்டை எட்டு மணிக்குப் பதில் ஆறு மணிக்குப் பூட்டுவார்கள். பையன்கள் டீக்கடையில் பத்து மணிவரை இருப்பார்கள். பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்கள் விடுதிக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு போடக்கூடாது என்று அதே 2015 விதிமுறையில் இருக்கிறது. எந்த வார்டன் படித்தார்?

புகார் தாளாளர் மீதே என்றால் ஆட்சியர் அமைத்த உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். காட்பாடி என்றால் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகம். ஆனால் 2019இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்துவிட்டதால் வாலாஜா கல்லூரிக்கு ராணிப்பேட்டை, வாணியம்பாடிக்குத் திருப்பத்தூர். மாறிக் கொடுத்தால் அலையவிடுவார்கள், அந்த 3 மாதத்தில் அதுவும் கழியும்.