லண்டனில் மாடியறையா, ஃபிளாட்டா, லீஸா?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் மனைவியோடும் மூன்று வயது மகளோடும் லண்டன் வருகிறீர்கள். ஈஸ்ட் ஹாமில் ஒரு தமிழ்க் குடும்பம், "பேப்பர் எல்லாம் எதற்கு, நம்ம ஆட்கள்தானே" என்று தாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடியறையைத் தருகிறது. ஏஜென்ட் ஒருவர் மாதம் 1500 பவுண்டுக்கு ஒரு ஃபிளாட்டைக் காட்டி, ஆறு மாத வாடகையை முன்னாலேயே கட்டச் சொல்கிறார். நண்பரோ "வாடகையே வேண்டாம், லீஸில் எடுத்துவிடு" என்கிறார். எது நல்லது?

முதலில் அந்த மாடியறை. நானும் 2011-ல் அப்படி ஓர் அறையில்தான் வந்து இறங்கினேன். வீட்டுக்காரர்கள் தங்கமானவர்கள். ஞாயிறு தவறாமல் மீன் குழம்பு வரும். ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டு எனக்கு, சமையலறையில் ஒரு அலமாரி எனக்கு. ஒன்பதாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, "ஊரிலிருந்து அக்கா குடும்பம் வருகிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்" என்றார்கள். கொடுத்த அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. கேட்க வாயில்லை, மீன் குழம்பு சாப்பிட்டிருக்கிறேனே.

வீட்டுக்காரர் தானும் அதே வீட்டில் குடியிருந்து, சமையலறையையோ குளியலறையையோ உங்களோடு பகிர்ந்துகொண்டால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் டெனன்ட் இல்லை, லாட்ஜர். லாட்ஜரை வெளியேற்றக் கோர்ட் உத்தரவு தேவையில்லை. நியாயமான அவகாசம் கொடுத்தால் போதும். வாடகை மாதக் கணக்கில் என்றால் அது ஏறக்குறைய ஒரு மாதம். இரண்டு நாளில் கிளம்பச் சொன்னது தப்பு என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. லாட்ஜரின் அட்வான்ஸை எந்த டெபாசிட் பாதுகாப்புத் திட்டத்திலும் போட்டு வைக்கும் கடமையும் வீட்டுக்காரருக்கு இல்லை. தனி ஆளாக வந்தால் இரண்டு மாதம் சமாளிக்கலாம். குழந்தையோடு வேண்டாம்.

ஒன்று கவனியுங்கள். அந்த வீட்டுக்காரர் வேறெங்கோ குடியிருந்துகொண்டு வீட்டை மட்டும் அறை அறையாக விட்டிருந்தால் கதையே வேறு. பேப்பரே இல்லாவிட்டாலும், வாய்ப்பேச்சில் வாடகை கொடுத்தாலும் பெரும்பாலும் நீங்கள் டெனன்ட்தான். அப்படிப்பட்ட வீட்டில் ஒரே குடும்பமாக இல்லாத ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் உள்ளூராட்சியான கவுன்சிலின் லைசென்ஸும் வேண்டும். அது இல்லாமல் நடத்தினால், கட்டிய வாடகையையே திரும்பக் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

அடுத்து ஃபிளாட். ஆறு மாத முன்பணம் கேட்பது நம்மைப் போல் புதிதாக வருபவர்களிடம்தான். இங்கே கிரெடிட் வரலாறு இருக்காது, ஜாமீன் போட ஆள் இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். 2025 அக்டோபரில் நிறைவேறிய புதிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைக்கிறது. 2026 மே 1 முதல் புதிதாகப் போடும் வாடகை ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கவோ வாங்கவோ கூடாது. அதே நாளிலிருந்து காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்ல இடம் தந்த பழைய சட்டத்தின் 21-ஆம் பிரிவும் கிடையாது. ஓராண்டு கட்டாயம் இருந்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தமும் கிடையாது. இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு நீங்கள் கிளம்பலாம். வீட்டை விற்கப் போகிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னால்கூட முதல் ஓராண்டு உங்களை அசைக்க முடியாது, நான்கு மாத அவகாசமும் தர வேண்டும். இதெல்லாம் இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு.

டெபாசிட் தனி. அது அதிகபட்சம் ஐந்து வார வாடகை. 1500 பவுண்ட் வாடகைக்கு அது சுமார் 1730 பவுண்ட். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவருக்கு இது சொர்க்கம். வீட்டைப் பிடித்து வைக்க வாங்கும் தொகை ஒரு வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. "ரெஃபரன்ஸ் கட்டணம்", "அட்மின் கட்டணம்" என்று பில் வந்தால் கட்டாதீர்கள். 2019-லேயே தடை செய்துவிட்டார்கள். உங்கள் விசாவைக் காட்டச் சொல்வது மட்டும் முறையானது. உங்கள் விசா விவரத்தை அவர்கள் பார்த்துக்கொள்ள உதவும் ஷேர் கோடு என்ற குறியீட்டை ஆன்லைனில் எடுத்துக் கொடுத்தால் போதும்.

அந்த டெபாசிட்டை 30 நாளுக்குள், அரசு அங்கீகரித்த மூன்று திட்டங்களில் ஒன்றில் பாதுகாத்து, விவரத்தை உங்களுக்கு எழுத்தில் தர வேண்டும். தவறினால் டெபாசிட்டோடு, அதன் ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை கோர்ட்டில் வாங்கலாம். நான் இரண்டாவதாக இருந்த ஃபிளாட்டில் இந்தத் திட்டம்தான் கைகொடுத்தது. வெள்ளைச் சமையல் மேடை. மிக்ஸிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை. பேக்கிங் சோடா, எலுமிச்சை, வெயில் எதற்கும் அசையவில்லை. மேடையையே மாற்ற வேண்டும் என்று 400 பவுண்ட் பிடிக்கப் பார்த்தார் வீட்டுக்காரர். திட்டத்தின் இலவசத் தகராறு தீர்வுக்கு எழுதினேன். கறை என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் குடிபுகுந்த அன்று நான் எடுத்து ஏஜென்டுக்கு மின்னஞ்சலில் அனுப்பிய படங்களில், மேடை ஏற்கெனவே பழசு, ஓரமெல்லாம் உப்பியிருந்தது தெரிந்தது. பழசுக்குப் புதுசின் விலை கேட்க முடியாது என்று 60 பவுண்ட் மட்டும் பிடித்தார்கள். சாவி வாங்கிய அன்றே அலமாரிக்குள், மெத்தைக்கடியில், ஜன்னல் மூலையில் பூஞ்சை எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக லீஸ். நண்பர் நம்ம ஊர் லீஸை நினைத்துக்கொண்டிருக்கலாம்: மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வாடகை இல்லாமல் இருந்து, போகும்போது வாங்கிக்கொள்வது. இங்கே லீஸ்ஹோல்ட் என்றால் கடன் வாங்கி ஃபிளாட்டை விலைக்கு வாங்குவது, ஆனால் 99 அல்லது 125 வருஷம் என்று கணக்கு வைத்து. நிலம் வேறொருவருடையது. 2022 ஜூன் 30 முதல் போட்ட புதிய லீஸுக்கு நிலவாடகை வருஷத்துக்கு ஒரு மிளகு. நிஜமாகவே சட்டத்தில் மிளகுதான், அதாவது காசு எதுவும் கிடையாது. பழைய லீஸில் அது ஏறிக்கொண்டே போகலாம். கட்டடப் பராமரிப்புக்கான சர்வீஸ் சார்ஜ் தனி. கூரை ஒழுகினால் உங்கள் பங்கையும் கேட்பார்கள். அது 250 பவுண்டைத் தாண்டினால் முன்கூட்டிக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதுதான் உங்களுக்குள்ள காவல். இப்போதைக்கு இந்தப் பக்கம் போகாதீர்கள். நாலைந்து வருஷம் கழித்து வாங்கப் போனால், விலையைக் கேட்பதற்கு முன் லீஸில் எத்தனை வருஷம் மிச்சம் என்று கேளுங்கள். 80-க்குக் கீழே என்று பதில் வந்தால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.