குளிரும் மழையும் சேர்ந்து வரும் மாரத்தானுக்கு என்ன உடுத்துவது?

கேள்வி: செப்டம்பர் கடைசியில் ஸ்காட்லாந்தில் லாக் நெஸ் மாரத்தான் ஓடப் போகிறேன். இதுவரை ஓடியதெல்லாம் சென்னையிலும் கோவையிலும்தான். அங்கே குளிரும் மழையும் சேர்ந்தே வரும் என்கிறார்கள். என்ன உடுத்துவது? விலை உயர்ந்த வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்:

ஜாக்கெட்டிலேயே ஆரம்பிக்கிறேன், எல்லோரும் காசைக் கொட்டுவது அதில்தான். சாலை மாரத்தானுக்கு அது தேவையில்லை. நாலு மணி நேரம் மழையில் ஓடியும் நனையாமல் இருக்க வைக்கும் உடையை நான் இன்னும் பார்க்கவில்லை. கெட்டியான மழைக்கோட்டு போட்டால் மழை உள்ளே வராது, ஆனால் வியர்வை வெளியே போக முடியாமல் அதுவே நனைத்துவிடும். எப்படியும் நனையத்தான் போகிறோம் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் துணி வாங்குவது சுலபம்.

நனைந்த உடம்பில் பிரச்சினை சூடு போகும் வேகம். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஈரத்துணியின் மேல் காற்றும் அடித்தால் கேட்கவே வேண்டாம். அதனால் காற்றைத் தடுக்கிற, லேசான, சுருட்டி இடுப்பில் கட்டிக்கொள்ள முடிகிற விண்ட் ஜாக்கெட் ஒன்று போதும். மழையை ஓரளவு தாங்கினால் நல்லது. முன்பக்க ஜிப் கழுத்திலிருந்து அடிவரை இருக்கட்டும். புழுங்கினால் திறந்து விடலாம், கழற்றாமலே சமாளிக்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம். பெரும்பாலானவர்கள் முதல் பத்து கிலோமீட்டரை நினைத்து உடுத்துகிறார்கள். நீங்கள் கடைசிப் பத்தை நினைத்து உடுத்துங்கள். ஓடும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்காவது சூடாகத்தான் வெளியே வருகிறது. அதனால்தான் 8 டிகிரியில் பனியன் போட்டவர்கூட வியர்த்து ஓடுகிறார். ஆனால் 30 கிலோமீட்டருக்கு மேல் கால் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தால், அந்தச் சூடு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மழை குறையாது, காற்றும் குறையாது. லாக் நெஸ் பாதையில் டோர்ஸ் கிராமத்தைத் தாண்டியதும், சுமார் 29வது கிலோமீட்டருக்குப் பிறகு, ஒரு நீண்ட ஏற்றம் வரும். நிறையப் பேர் நடக்கத் தொடங்குவது அங்கேதான். ஜாக்கெட் உங்களுக்கு உதவப் போவதும் அங்கேதான்.

2018 பாஸ்டன் மாரத்தானை இதற்கு உதாரணமாகச் சொல்வேன். ஏப்ரல் 16. வெப்பநிலை 3, 4 டிகிரி, கொட்டும் மழை, வழி நெடுக எதிர்க்காற்று. உலகத் தரமான ஓட்டக்காரர்கள் பலர் பாதியிலேயே விலகிவிட்டார்கள். பெண்கள் பிரிவில் ஜெயித்த டெஸ் லிண்டன் முதலிலிருந்து கடைசிவரை ஜாக்கெட்டைக் கழற்றவே இல்லை. நேரம் 2:39:54. 1978க்குப் பிறகு அங்கே பெண்கள் பிரிவில் அவ்வளவு மெதுவான வெற்றி நேரம் வந்ததில்லை. அவ்வளவு வேகமாக ஓடுகிறவருக்கே ஜாக்கெட் தேவைப்பட்டது. நம்மைப் போன்ற நாலு மணி நேரக்காரர்கள் யோசிக்கவே வேண்டியதில்லை.

மலை ஓட்டம் என்றால் கதை வேறு. 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலைப் பந்தயத்தில் திடீரென்று காற்றும் ஆலங்கட்டி மழையும் அடித்து 172 பேரில் 21 பேர் இறந்துபோனார்கள். காற்றுத் தடுப்பு ஜாக்கெட் அங்கே கட்டாயப் பட்டியலில் இல்லை. மலையில் ஓடுவதானால் தொப்பியோடு கூடிய, தையல் வழியே தண்ணீர் புகாதபடி மேலே பட்டை ஒட்டிய, நிஜமான மழை ஜாக்கெட்டுக்குத் தாராளமாகச் செலவு செய்யுங்கள். நீங்கள் ஓடப்போவது சாலையில், வழியெல்லாம் ஆட்கள் நிற்பார்கள், அதனால் பயப்பட வேண்டாம்.

ஜாக்கெட்டுக்கு உள்ளே, உடம்பை ஒட்டிப் பிடிக்கும் முழுக்கை பாலியஸ்டர் அல்லது மெல்லிய மெரினோ கம்பளி பனியன். தொளதொள டி-ஷர்ட் வேண்டாம், நனைந்தால் கனத்துத் தொங்கும், தோலை உராயும். காட்டன் எந்த இடத்திலும் கூடாது, உள்ளாடை உட்பட. நம் ஊர் வெயிலுக்கு வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் நல்லதுதான், குளிர் மழையில் அதே குணம் எதிரி. காலுக்கு ஷார்ட்ஸே போதும் என்பது என் கட்சி. தொடை பெரிய தசை, தானே சூடாகிக்கொள்ளும், நனைந்த நீளக் காற்சட்டை பாரம்தான். 5 டிகிரிக்குக் கீழே போனால் காலை ஒட்டிப் பிடிக்கும் டைட்ஸ் போடலாம். மாரிலும் தொடை இடுக்கிலும் அக்குளிலும் வாஸ்லினை அள்ளிப் பூசுங்கள். ஆண்கள் முலைக்காம்பில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வது நல்லது. மழையில் ரத்தம் வழியும் சட்டையோடு முடிவுக் கோட்டைத் தாண்டுபவர்களை நிறையப் பார்க்கலாம்.

கைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் பெரிய விஷயம். ஒரு வருடம் பந்தய முடிவில் தன்னார்வலராக நின்றேன். மழை நாள். நன்றாக ஓடி முடித்தவர்கள்கூட ஷூ முடிச்சை அவிழ்க்க முடியாமல் எங்களிடம் காலை நீட்டினார்கள். விரல் விறைத்தால் ஓடும்போது சக்திக்குச் சாப்பிடும் ஜெல் பாக்கெட் திறக்காது, ஜாக்கெட் ஜிப் நகராது, கழிப்பறையில் நாடா அவிழாது. சாப்பிடாமல் விடுவதால் இன்னும் மெதுவாகி, இன்னும் குளிரும். கம்பளிக் கையுறை மட்டும் என்றால் ஈரமானதும் பயன் குறைவு. உள்ளே மெல்லிய கம்பளி, அதன் மேல் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை ஒரு அளவு பெரியதாகப் பார்த்துப் போடுங்கள். மஞ்சள் நிறம் கொஞ்சம் கேலியாக இருக்கும், இருக்கட்டும். ஜெல் பாக்கெட்டுகளின் ஓரத்தில் வீட்டிலேயே கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு போட்டு வையுங்கள், பல்லால் கிழித்துவிடலாம். எண் அட்டையை ஜாக்கெட்டில் குத்தாமல் ஷார்ட்ஸில் குத்துங்கள். ஜாக்கெட்டைக் கழற்றினாலும் எண் தெரியும்.

தலைக்கு முன் விளிம்பு உள்ள தொப்பி. சூட்டுக்காக மட்டும் சொல்லவில்லை, மழை கண்ணில் அடிக்காமல் இருந்தாலே மனசு பாதி தெளிவாக இருக்கும். கண்ணாடி போடுகிறவருக்குச் சொல்லவே வேண்டாம்.

ஷூ விஷயத்தில் கடைக்காரர் வாட்டர்ப்ரூஃப் மாடலைக் காட்டுவார். வேண்டாம். கணுக்கால் வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும், வெளியே போக வழி இல்லாமல் வாளி மாதிரி தேங்கும். வலை போன்ற சாதாரண ஓட்ட ஷூ போதும், உள்ளே மெல்லிய செயற்கை நூல் சாக்ஸ் அல்லது மெரினோ சாக்ஸ். இரட்டை முடிச்சு.

காத்திருக்கும் நேரம்தான் அடுத்து. லாக் நெஸ் பந்தயத்தில் இன்வெர்னஸிலிருந்து விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றிப் போய், ஃபோர்ட் அகஸ்டஸுக்கும் ஃபாயர்ஸுக்கும் நடுவே மேட்டு நிலத்தில் இறக்கிவிடுவார்கள். மரம், கட்டடம் எதுவும் மறைக்காத வெட்டவெளி. ஓட ஆரம்பிக்கும் முன்பே நடுங்கிக்கொண்டு நிற்பதில் அர்த்தமில்லை. இன்வெர்னஸில் ஏதாவது ஒரு சாரிட்டி ஷாப்பில் (நன்கொடையாக வந்த பழைய பொருட்களை விற்கும் கடை) ரெண்டு மூணு பவுண்டுக்குப் பழைய கம்பளிச் சட்டை வாங்குங்கள். அதன் மேல் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்ட பெரிய குப்பைப் பை. ஒவ்வொரு ஷூவின் மேலும் ஒரு பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு நில்லுங்கள், ஈரப் புல்லில் சாக்ஸ் நனையாது. ஓட்டம் தொடங்க சில நிமிடம் இருக்கும்போது எல்லாவற்றையும் கழற்றி, அதற்கென்று வைத்திருக்கும் தொட்டியில் போடுங்கள், ரோட்டில் எறியாதீர்கள்.

ஓடும்போது வார்த்தை குழறினாலோ, கட்டுப்படுத்த முடியாமல் நடுங்கினாலோ, அல்லது நடுங்கிக்கொண்டிருந்தது காரணமில்லாமல் நின்றுபோனாலோ, அடுத்த மருத்துவ உதவி நிலையத்தில் நின்றுவிடுங்கள். உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்குவதன் அறிகுறி இது, அதைச் சமாளிக்கத் துணி எதுவும் கிடையாது.

முடிந்த பிறகு கொடுக்கும் பளபளப்பான ஃபாயில் தாள் நனைந்த சட்டைக்கு மேல் அவ்வளவாக உதவாது. ஈரத்தைக் கழற்றுவதுதான் முதல் வேலை. பந்தய முடிவில் எடுத்துக்கொள்ளும் பையில் உலர்ந்த பனியன், கெட்டியான ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி, எலாஸ்டிக் வைத்த பேன்ட், கயிறு கட்டத் தேவையில்லாத செருப்பு வையுங்கள். பட்டன் வைத்த எதுவும் வேண்டாம், விரல் ஒத்துழைக்காது. அந்தப் பையையே ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டிக் கொடுங்கள்.